கண் இருட்டவில்லை, திரை விழுந்தது

2019 தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. எங்கள் மொரீஷியஸில் ஜனவரி நல்ல வெயில் காலம். ரோஸ் ஹில் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பத்து நாள் விரதத்தில் எட்டாம் நாள். காவடி இறங்கியதும் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவது இங்கே வழக்கம். 'செத் காரி' என்றால் தமிழர் அல்லாதவர்களும் ஆசையாக வந்து உட்காருவார்கள். நான்காவது மூடியோ ஐந்தாவது மூடியோ துருவும்போது தட்டின் மேல் நிழல் விழுந்த மாதிரி இருந்தது. யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நிமிர்ந்தேன். யாரும் இல்லை. எதிர்ச் சுவரின் மேல்பக்கம் மங்கியிருந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று மேலிருந்து மெதுவாக இறங்கியது. நாலைந்து நிமிடம் இருந்திருக்கும். இறங்கிய மாதிரியே ஏறிப் போய்விட்டது. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, வியர்க்கவும் இல்லை.

வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டார். 'கண் இருட்டிக்கொண்டு வந்தது' என்பதைத்தான் எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னேன். அவர் அடுத்த கேள்வி, விரதமா என்பது. ஆமாம் என்றேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், 5.1. எங்கள் நாட்டில் மில்லிமோலில்தான் சொல்வார்கள், தமிழ்நாட்டுக் கணக்கில் 92 வரும். தாழ்ந்த சர்க்கரை இல்லை. ஆனாலும் விரதமும் வெயிலும்தான் காரணம், இளநீர் குடியுங்கள், கண்ணாடியை மாற்றிப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். 'பா த்ரகாசே, மதாம்', கவலைப்படாதீர்கள் அம்மா என்றார். நானும் கவலைப்படவில்லை.

அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு, சர்க்கரை சரியாக இருந்தும் விரதத்தின் மேல் பழியைப் போட்டாரே என்று. ஆனால் என்மேல் அதைவிட வருத்தம் உண்டு. 34 வருடம் அரசு ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். பார்த்ததைப் பார்த்தபடி எழுது என்று எத்தனை கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன்! 'கண் இருட்டிக்கொண்டு வந்தது' என்பது மயக்கத்துக்குச் சொல்லும் சொல். தமிழில் சொன்னாலும் சரி, கிரியோலில் சொன்னாலும் சரி, கேட்பவருக்கு மயக்கம்தான் தோன்றும். எனக்கு மயக்கம் வரவே இல்லை. பார்வையின் மேல் ஒரு திரை இறங்கி ஏறியது. பழகிய சொல் நாக்கில் தயாராக இருந்தது, அதைச் சொல்லிவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து மறுபடி வந்தது. இந்தமுறை பேருந்து நிறுத்தத்தில். ஏன் தோன்றியதோ தெரியாது, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன். இடக்கண்ணைப் பொத்தினால் தெரு முழுதாக இருந்தது. வலக்கண்ணைப் பொத்தினால் எதிர்க் கடையின் பெயர்ப்பலகையைக் காணோம், கீழே செருப்பு அடுக்கியிருந்தது மட்டும் தெரிந்தது. ஆக, இடக்கண் மட்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு வித்தையை மறக்க வேண்டாம். பார்வை திடீரென்று மங்கினால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒரு கண்ணா, இரண்டுமா, எந்தக் கண், மேலிருந்தா, எத்தனை நிமிடம். இவற்றையெல்லாம் சொன்னால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

மறுநாள் காலை மோக்காவுக்குப் போனேன். அரசுக் கண் மருத்துவமனை அங்கே இருந்தது. அதற்கு சுப்ரமணிய பாரதி பெயர். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும், அன்று வரவில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து உள்ளே பார்த்த டாக்டரம்மாவிடம் இந்தமுறை 'ரிதோ' என்றேன். கிரியோலில் திரைச்சீலைக்கு அதுதான் சொல். அவர் கையை எடுத்துவிட்டு, 'எந்தப் பக்கத்திலிருந்து?' என்று கேட்டார். விழித்திரையின் ஒரு சின்ன ரத்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் மஞ்சளாக ஒரு துணுக்கு மின்னுகிறதாம். அது கொலஸ்டிரால் துணுக்கு. அமெரிக்கக் கண் மருத்துவர் ஹாலன்ஹார்ஸ்ட் 1961-ல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். 'உங்கள் கண்ணில் கோளாறு இல்லை மதாம், இது கழுத்திலிருந்து வந்திருக்கிறது' என்றார். சட்டென்று ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து என் தாடைக்குக் கீழே வைத்தார். இடப்பக்கம் துருத்தி ஊதுவது போல ஒரு சத்தம் கேட்கிறது என்றார். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை என்பதையும் அப்போதே சொன்னார்.

கழுத்தின் இரண்டு பக்கமும் கரோட்டிட் என்ற பெரிய ரத்தக் குழாய் ஏறுகிறது. குரல்வளையின் மேல்விளிம்பு மட்டத்தில் அது கவையாகப் பிரியும். ஒரு கிளை முகத்துக்கும் மண்டைத் தோலுக்கும் போகும், மற்றது மூளைக்கு. மூளைக்குப் போகிற கிளையிலிருந்துதான் அதே பக்கத்துக் கண்ணுக்கும் ரத்தம் போகிறது. அந்தக் கவையில் குழாய் கொஞ்சம் புடைத்திருக்கும். ரத்தம் நேராக ஓடாமல் அங்கே சுழலும். கொழுப்பு படிய அதுதான் வசதியான இடம். படிவிலிருந்து துணுக்கு உடைந்து கண்ணுக்குப் போனால் திரை, மூளைக்குப் போனால் பக்கவாதம். கண் என்றால் அதே பக்கம். கை கால் என்றால் எதிர்ப் பக்கம். என் இடக்கழுத்துத் துணுக்கு மூளைக்குப் போயிருந்தால் வலக்கை விழுந்திருக்கும், பேச்சும் போயிருக்கலாம். கண்ணுக்குப் போனது என் அதிர்ஷ்டம்.

இனி ஸ்கேன், கழுத்துக் குழாயை ஒலி அலையால் பார்ப்பது. அவசரம் என்று எழுதிக் கொடுத்ததால் இரண்டே நாளில் நடந்தது, அரசு மருத்துவமனையில், காசில்லாமல். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. நான் அது தெரியாமல் பட்டினியாகப் போய், சர்க்கரை நோயாளி இப்படிச் செய்யலாமா என்று நர்ஸிடம் திட்டு வாங்கினேன். கழுத்து திறந்திருக்கிற மாதிரி உடுத்திக்கொண்டால் போதும், சேலை நல்லது. தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமோ என்றுதான் எனக்கு ஒரே யோசனை. எடுத்துத் தோள்பக்கம் ஒதுக்கிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. மல்லாந்து படுத்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஜில்லென்று ஒரு பசையைத் தடவி, சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை வைத்து மேலும் கீழும் இழுப்பார்கள். அரைமணி நேரம் ஆனது. கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சின்னத் தலையணை வைப்பார்கள்.

அந்த டாக்டர் பேசாதவர். வலப்பக்கம் பத்து நிமிடத்தில் முடித்தார். இடப்பக்கம் வந்ததும் ஒரே இடத்தில் நின்றுவிட்டார். கருவியைச் சாய்க்கிறார், திரையில் கோடு வரைகிறார், அழிக்கிறார், மறுபடி வரைகிறார். நான் மனதுக்குள் கந்தர் சஷ்டிக் கவசத்தை ஆரம்பித்துவிட்டேன். பிறகு கேட்டபோது விளங்கியது: அவர் கோணத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒலி அலை ரத்த ஓட்டத்தைத் தொடும் கோணம் 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, போனால் வேகக் கணக்கு தப்பாகிவிடும். ஸ்கேன் டாக்டரின் மௌனத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள், பாவம் அவர் ஜியோமெட்ரி போட்டுக்கொண்டிருப்பார்.

இந்தச் சோதனை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, படம். குழாயின் சுவர், அதில் ஒட்டியிருக்கும் படிவு, அதன் வடிவம் தெரியும். சுண்ணாம்பு ஏறிக் கெட்டியான படிவு வெள்ளையாகத் தெரியும், அதன் பின்னால் கறுப்பாக நிழல் விழும். இரண்டாவது, வேகம். இதற்குத்தான் டாப்ளர் என்று பெயர். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் நட்சத்திர ஒளியை வைத்துச் சொன்ன தத்துவம், இன்று நம் கழுத்தில் வேலை செய்கிறது. நெருங்கி வரும் பேருந்தின் ஹாரன் கீச்சென்றும் விலகும்போது தடித்தும் கேட்கிறதே, அதே கதைதான். ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தை வைத்து ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கணக்கிடுகிறார்கள். அடைப்பு இருந்தால் ரத்தம் மெதுவாகத்தானே ஓடும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. மடை குறுகும் இடத்தில் தண்ணீர் சீறுமே, அப்படி. குழாய் குறுகக் குறுக அந்த இடத்தில் வேகம் கூடும். முடிவில் அவர் ஒலியைக் கூட்டி இரண்டு பக்கத்தையும் கேட்க வைத்தார். வலப்பக்கம் 'உஷ்... உஷ்...' என்று துணி துவைக்கிற மாதிரி. இடப்பக்கம் விசில்.

என் ரிப்போர்ட்டில் இடப்பக்க உட்கிளையில், அதாவது மூளைக்குப் போகிற கிளையில், உச்ச வேகம் விநாடிக்கு 280 சென்டிமீட்டர். அமெரிக்கக் கதிரியக்க நிபுணர்கள் கூடி 2003-ல் வெளியிட்ட அளவுகோலைத்தான் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 125-க்குக் கீழே என்றால் அடைப்பு 50 சதவீதத்துக்குள், 125 முதல் 230 வரை 50-லிருந்து 69, 230-க்கு மேல் 70-ம் அதற்கு மேலும். குழாய் கிட்டத்தட்ட முழுசாக அடைத்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. வேகம் மறுபடி இறங்கிவிடும். அதனால் எண்ணோடு படத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கையில் ரிப்போர்ட் வந்தால் எந்தப் பக்கம், எந்தக் கிளை, உச்ச வேகம் எவ்வளவு, படிவு எப்படிப்பட்டது என்று தேடுங்கள். வெறுமனே 'படிவு உள்ளது' என்று மட்டும் இருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள். எனக்குப் படிவைப் பற்றி 'மென்மையானது, மேற்பரப்பு ஒழுங்கற்றது' என்று எழுதியிருந்தார். கெட்டி இல்லையாம், அப்பாடா என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அப்பாடா சொல்ல ஒன்றுமில்லை என்று அடுத்து பார்த்த ரத்தக்குழாய் டாக்டர் சொன்னார். இப்படிப் படிவு சேர்வதற்கு மருத்துவத்தில் வைத்திருக்கும் அதிரோஸ்கிளிரோசிஸ் என்ற கிரேக்கப் பெயரைப் பிரித்துக் காட்டினார். பின்பாதிக்கு அர்த்தம் கெட்டிப்படுதல். முன்பாதிக்கு அர்த்தம் கூழ். எனக்கு மாரியம்மனுக்கு ஊற்றும் கூழ்தான் ஞாபகம் வந்தது. அடுப்பிலிருந்து இறக்கி வைத்தால் மேலே ஏடு கட்டி இறுகியிருக்கும், கரண்டியால் குத்தினால் உள்ளே கொழகொழ. படிவும் அப்படித்தான். ஏடு கிழிந்து உள்ளே இருக்கும் கூழ் ரத்தத்தில் கலந்தால்தான் ஆபத்து. சுண்ணாம்பேறிக் கல்லாகக் கிடப்பது பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். நாமோ ரத்தக் குழாய் கெட்டியாகிவிட்டது என்றுதான் பயப்படுகிறோம்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்துக் கொடுத்தார்கள், கொலஸ்டிரால் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ஒலி அலை மண்டையோட்டுக்குள் இருக்கும் பகுதியைச் சரியாகக் காட்டாது, சுண்ணாம்பு நிழலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் சொல்லாது. அதனால் கழுத்துக் குழாயைத் திறந்து படிவை எடுக்கக் கத்தி வைப்பதற்கு முன் மருந்து ஏற்றி ஒரு சி.டி. ஆஞ்சியோவும் எடுத்தார்கள். அதுவும் ஒத்துப்போனது. 1991-ல் வட அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வை டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். அறிகுறியும் வந்து, அடைப்பும் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அதே பக்கப் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 9 சதவீதம். ஒன்பதும் சும்மா இல்லை, அதில் அறுவையின்போதே வந்த பக்கவாதமும் சேர்த்தி. அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம் என்றார். முதல் திரைக்கும் அறுவைக்கும் நடுவே எனக்கு 19 நாள் ஓடிவிட்டது. அதில் பதினோரு நாள் இளநீர் குடித்த நாள்.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஒரு தழும்பு இருக்கிறது. காது மடலின் அடிப்பகுதி சில மாதம் மரத்துக் கிடந்தது. தோடு போட்டால் போட்டது தெரியாது, இரண்டு தடவை தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பார்க்க வந்த எல்லோரும் கழுத்தைத் தடவிக்கொண்டே போனார்கள். கொழுந்தனார் அடுத்த வாரமே ஒரு தனியார் இடத்தில் 'முழு உடல் பரிசோதனை'யில் கழுத்து ஸ்கேனும் எடுத்துவிட்டு வந்தார். 'அண்ணி, எனக்கு 0.9' என்றார், மார்க் வாங்கின பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அது குழாய்ச் சுவரின் உள்ளடுக்குகளின் தடிப்பு, மில்லிமீட்டரில். வயதோடு அது கூடத்தான் செய்யும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒன்றை அளக்கும்போது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஒரு காலத்தில் இந்த அளவை வைத்தே மாரடைப்பு ஆபத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பினார்கள். ஆனால் 2013-ல் அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள், வழக்கமான சோதனையாக இதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டன. தெளிவாகத் துருத்திக்கொண்டு நிற்கும் படிவு என்றால் அது வேறு விஷயம்.

என் டாக்டரிடம், குடும்பத்தில் எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. ஓர் அறிகுறியும் இல்லாதவர்களைக் கூட்டமாக ஸ்கேன் செய்தால், இல்லாத அடைப்பு சிலருக்கு இருப்பதாகத் தெரியும். அதைத் தொடர்ந்து மேல்சோதனை, சிலருக்கு அறுவை, அந்த அறுவையாலேயே சிலருக்குப் பக்கவாதம். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2014-லும் மறுபடி 2021-லும் இதே காரணத்தால்தான் வேண்டாம் என்றிருக்கிறது. திரை விழுந்தவர், ஒரு பக்கம் கை கால் மரத்தவர், பேச்சு குழறிச் சரியானவர், இவர்களுக்கு ஸ்கேன் அவசரம். மற்றவர்கள் முதலில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கட்டும் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். எனக்கே 14 வருடமாக.

கொலஸ்டிராலில் எங்கள் நாடு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 1987-ல் ரேஷன் எண்ணெயை மாற்றினார்கள். அதுவரை பெரும்பாலும் பாமாயில், அதற்குப் பிறகு சோயா எண்ணெய். சமையல் வாசம் மாறிவிட்டது என்று என் மாமியார் முணுமுணுத்தது நினைவிருக்கிறது. ஐந்தே வருடத்தில் மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் 5.5-லிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியது. தமிழ்நாட்டுக் கணக்கில் 213-லிருந்து 182. எண்ணெய் மட்டுமே காரணம் இல்லை, ஆனால் பெரிய பங்கு அதற்குத்தான் என்கிறார்கள். மாமியார் அதற்கும் முணுமுணுத்திருப்பார். எனக்கு இப்போது வைத்திருக்கும் இலக்கு, கெட்ட கொலஸ்டிரால் 1.8-க்குக் கீழே, அதாவது 70. மாத்திரை இல்லாமல் கீரையும் ஓட்ஸும் தின்று அங்கே போக முடியாது. முயற்சி செய்து பார்த்தேன், போகவில்லை.

இன்னும் சில விஷயங்கள், பட்டுத் தெரிந்துகொண்டவை. படிவு இருப்பது தெரிந்த கழுத்தை எண்ணெய் போட்டு அழுத்தி நீவ விடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு நீவுவதில் நல்ல கை, அவரிடம் சொல்வதற்குத்தான் எனக்கு அதிக தைரியம் தேவைப்பட்டது. வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், சரியாகிவிட்டாலும்கூட, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மொரீஷியஸில் 114. வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை நீங்களாக வாயில் போடாதீர்கள். மூளைக்குள் ரத்தக் கசிவாக இருந்தால் அது இன்னும் கெடுக்கும், ஸ்கேன் பார்த்துத்தான் தெரியும். தொடர்ந்து பார்க்கும் ஸ்கேன்களை முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஒருமுறை நான் வேறு இடத்துக்குப் போய், 40 சதவீதமாக இருந்த அடைப்பு 55 என்று வந்து, இரண்டு இரவு தூங்காமல், பழைய டாக்டரிடமே போனால் மறுபடி 40.

அந்த 40 என் வலப்பக்கம். அங்கேயும் படிவு இருக்கிறது, ஆனால் ஓர் அறிகுறியும் காட்டவில்லை. அதற்குக் கத்தி வேண்டாம், மாத்திரை போதும் என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவருகிறார்கள். இப்போது நானாகவே தாலிச் சங்கிலியைத் தோளில் ஒதுக்கிக்கொண்டு படுத்துவிடுகிறேன். ஒலியைக் கூட்டச் சொல்லிக் கேட்பேன். இடப்பக்கமும் துணி துவைக்கும் சத்தம்தான்.

தைப்பூச விரதத்தை விடவில்லை. மாத்திரையை நிறுத்தாமல், டாக்டர் சொன்ன வேளைக்குச் சாப்பிட்டு, சைவமாக இருந்து முடிக்கிறேன். கோர் தெ கார்த் மலைக் கோயிலின் படிகளை மெதுவாக ஏறுகிறேன். போன தடவை பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார் கொழுந்தனார். அந்த 0.9-க்கு அப்புறம் மூன்று தடவை ஸ்கேன் எடுத்துவிட்டார், எல்லாம் சொந்தக் காசில். சிகரெட் என்னவாயிற்று என்று கேட்டேன். நாளுக்கு நாலுதான் அண்ணி என்றார். சட்டைப்பையில் புதுப் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது.